வீடியோ வெட்டினால் விழும் தூள்

பெரிய வீடியோவை வெட்டினால் சில சிறிய வீடியோக்கள் கிடைக்கும். இந்த உண்மையைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொள்ள எங்கள் அலுவலகத்துக்கு இருபத்தொன்பது நாட்கள் பிடித்தன. மற்ற அலுவலகங்களோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

சாலையை அகலப்படுத்துவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. மூன்றரை மணி நேரம். மக்கள் கருத்துச் சொன்னார்கள். மேடையில் இருந்தவர்கள் கேட்பது போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக முக்காலியில் நின்ற கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது.

கூட்டம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டியபோது ஒரு தையல்காரர் எழுந்து மேடைக்குப் போனார். அவர் கடை இருக்கும் சந்தில் மொத்தம் பதினோரு கடைகள். சாலை அகலமானால் பதினொன்றும் போய்விடும். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை அளந்தார். பிறகு மேடையில் இருந்த எங்கள் அலுவலகப் பொறியாளரைப் பார்த்து, "சார், இந்தக் கோடு ரெண்டு மீட்டர் தள்ளி வந்திருக்கு. கழுத்தளவை எடுத்து இடுப்புல வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

பொறியாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "ஆமா, அளவு தப்புதான்" என்று சொல்லிவிட்டார். அவரும் மனிதர்தானே, வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

மறுவாரம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வெளியானது. அதில், "கருத்துகள் கேட்கப்பட்டன. தேநீருக்குப் பின் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று மட்டும் இருந்தது. சந்தில் இருக்கும் கடைகளை இடிக்கும் உத்தரவு பின்னாலேயே வந்தது.

தையல்காரர் தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினார். அங்கிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது: கூட்டத்தின் வீடியோவை முப்பது நாட்களுக்குள் அனுப்பவும். தவறினால் மேல்முறையீடு தானே தள்ளுபடி ஆகும்.

அனுப்ப வேண்டியது தபாலக்கா. தபால் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. தலைமை அலுவலகம் எங்களிடமிருந்து மூன்று பஸ் நிறுத்தம். அக்கா வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு அன்று மதியமே போனார். வாசலில் இருந்த காவலாளி சுவரைக் காட்டினார். "காகிதமில்லா, கைபடா நிர்வாகம். நேரில் கொண்டுவரும் எதுவும் பெறப்படாது" என்று பலகை இருந்தது. அந்த வருடம் எல்லா அலுவலகங்களிலும் அதுதான் மோஸ்தர்.

"இணையதளத்துல ஏத்துங்கம்மா" என்றார் காவலாளி.

இணையதளம் ஒரு கோப்புக்கு இரண்டு ஜிபிக்கு மேல் வாங்காது. வீடியோ பதிமூன்று ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அக்கா ஏற்றிப் பார்த்தார். "தங்கள் கோப்பு மிகப் பெரியது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று வந்தது.

அக்காவின் அண்ணி கல்யாண வீடியோ எடுத்துக் கோர்த்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அக்கா அவருக்குப் போன் போட்டார்.

"அண்ணி, பதிமூணு ஜிபி வீடியோ ஒண்ணு. ரெண்டு ரெண்டு ஜிபியா வேணும்."

"யார் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல அண்ணி, ரோடு."

"சரி, கொண்டாங்க, வெட்டித் தரேன்."

"வெளிய கொண்டு வரக்கூடாது. தலைமை அலுவலகத்தைத் தவிர யாருக்கும் காட்டக்கூடாதுன்னு விதி."

"அப்ப ஆன்லைன்ல வெட்டித் தர்ற பக்கமும் ஆகாது. மொத்தத்தையும் அவன்கிட்ட ஏத்தணும். உங்க ஆபீஸ் இன்டர்நெட்டுல அது ஏறி முடியறதுக்குள்ள ரோடே போட்டு முடிச்சிடுவாங்க. கம்ப்யூட்டர்லயே வச்சு வெட்டுற மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. எடுக்கும்போது பாத்து எடுக்கணும். சிலது மூலையில தன் பேரை ஒட்டிடும். சிலது பத்து நிமிஷம் வெட்டிட்டு மீதிக்குக் காசு கேக்கும். சிலது மொத்தப் படத்தையும் உருக்கி மறுபடி வார்க்கும், மூஞ்சியெல்லாம் கலங்கிப்போயிடும். இருக்கிறதை அப்படியே துண்டு போடுற மாதிரி ஒண்ணு என்கிட்ட இருக்கு. நாலு நிமிஷ வேலை."

அக்கா அப்போதே அதை வாங்கி வெட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் இருபது வருட ஊழியம் ரத்தத்தில் ஊறியிருந்தது. அனுமதி கேட்டு ஒரு குறிப்பு எழுதினார். அதில் "நான்கு நிமிட வேலை" என்ற சொற்களையும் சேர்த்துவிட்டார்.

எங்கள் அதிகாரி அந்த வரியின் கீழ் சிவப்பில் கோடு போட்டு அக்காவைக் கூப்பிட்டார். அவர் நிர்வாகத்தில் புதுமை பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு அந்த வருடத் தொடக்கத்தில் போய் வந்திருந்தார். எதையும் ஒரு "பயணம்" என்று பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"நாலு நிமிஷத்துல முடியுதுன்னா அது பயணம் இல்லம்மா, விபத்து. இது நம்ம அலுவலகத்தோட முதல் மென்பொருள். பின்னால வர்றவங்க நம்மளைப் பாத்துக் கத்துக்கணும். ஒரு குழு போடுவோம்."

இவ்வாறாக "பெருங்காணொளி பகுப்பு மென்பொருள் தேர்வுக் குழு" உதயமானது. தலைவர், அதிகாரி. நிதி உறுப்பினர், கணக்கர். தொழில்நுட்ப உறுப்பினராகப் பொறியாளர் நியமிக்கப்பட்டார். வீடியோவில் அவரே இருப்பதால் அதைப் பற்றி அவருக்குத்தான் நேரடி அனுபவம் என்று காரணம் பதிவு செய்யப்பட்டது. தபாலக்கா குழுவில் இல்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவது அவர் பொறுப்பு.

ஆறாம் நாள் முதல் கூட்டம். கணக்கர் ஆரம்பித்தார்.

"இலவசம்னா யார் தர்றாங்க? ஏன் தர்றாங்க? நம்மகிட்ட என்ன எதிர்பாக்குறாங்க?"

"எதையும் எதிர்பாக்கல சார்" என்றார் அக்கா.

"அதுதான் உறுத்துது. எதுவா இருந்தாலும் மூணு விலைப்புள்ளி வேணும். குறைஞ்சதைத்தான் எடுக்கணும்."

"இலவசத்துக்கு எப்படி சார் விலைப்புள்ளி?"

"பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூடின உறையில வைக்கணும். மூணு பேர்."

பூஜ்யத்துக்குக் கையெழுத்துப் போட மூன்று பேரைத் தேட ஒன்பது நாட்கள் ஆயின. ஒருவர் அண்ணி. மற்ற இருவர் அண்ணியின் தொழில்முறை எதிரிகள். அண்ணி பூஜ்யம் என்றால் நாங்களும் பூஜ்யம்தான் என்று ரோஷத்தில் முன்வந்தவர்கள். உறைகள் முறைப்படி திறக்கப்பட்டன. ஒன்றில் "இலவசம்" என்றும், ஒன்றில் "0" என்றும், ஒன்றில் "0.00" என்றும் இருந்தது.

கணக்கர் மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எல்லாமே குறைஞ்சதா இருக்கே. அதிகம்னு ஒண்ணு இருந்தாத்தானே குறைஞ்சதைத் தேர்ந்தெடுக்க முடியும்?" என்று மனம் நொந்தார். யாராவது ஒருவரை விலை ஏற்றச் சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் மூன்றையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது.

இத்தனை நாளும் தையல்காரர் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து தபாலக்காவின் ஜன்னலருகே நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். டேப்பைச் சுருட்டுவார், விரிப்பார். ஒருநாள் அக்காவே சொன்னார்: "வெட்டறதுக்கு ஏற்பாடு நடக்குதுங்க."

"பதினேழு நாளாச்சு அக்கா. நானா இருந்தா இந்நேரம் வெட்டி, தைச்சு, பட்டனும் வச்சிருப்பேன்."

இருபதாம் நாள் சோதனை. முதல் மென்பொருள் படத்தின் மூலையில் தன் பெயரைப் பதித்தது. அரசு ஆவணத்தில் தனியார் பெயரா என்று நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது படத்தை உருக்கி வார்த்ததில் அதிகாரியின் முகம் மழையில் நனைந்த சுவரொட்டி போல ஆகிவிட்டது. அது எந்த விவாதமும் இன்றி நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது, அண்ணியுடையது. வெட்டியது தெரியாமல் வெட்டியது. அக்கா மூச்சு விட்டார்.

அப்போதுதான் தொழில்நுட்ப உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. தூளுக்கு என்ன பண்றது?"

"எந்தத் தூள்?" என்றார் அதிகாரி.

"மரம் அறுத்தா தூள் விழுது. கல் அறுத்தாலும் விழுது. எதை வெட்டினாலும் வெட்டுற இடத்துல கொஞ்சம் சேதாரம் உண்டு. வீடியோ மட்டும் விதிவிலக்கா? ஒரு வெட்டுக்கு அஞ்சு நிமிஷம் தூளுக்குன்னு ஒதுக்கிடணும். எங்க துறையில இது சாதாரணம்."

"அஞ்சு நிமிஷம் போதுமா?" என்று கணக்கர் அக்கறையோடு கேட்டார்.

"பாத்து வெட்டினா போதும். ஒரு வெட்டை ரெண்டு மணி நாப்பதாவது நிமிஷத்துல வச்சுக்கலாம். அங்க படம் கொஞ்சம் இளகலா இருக்கும்."

அதிகாரி தலையாட்டினார். ஒரு வெட்டுக்கு ஐந்து நிமிடத் தூள் என்று பதிவாயிற்று. அக்காவுக்குப் பகீரென்றது. தையல்காரர் மேடைக்குப் போய் நின்றது சரியாக அந்த இரண்டு மணி நாற்பதாவது நிமிடத்தில். பதினோரு கடைகளும் தூளாகிப் போக, "அளவு தப்புதான்" என்ற இரண்டு வார்த்தை தூளானால் போதும்.

தூள் விழாது என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரை வந்தது. தொழில்நுட்ப உறுப்பினர் சொன்னதைத் தபால் பிரிவு மறுப்பதற்கு விதியில் இடமில்லை. மறுநாள் காலையில் ஒரு தாளில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், தூளுக்கு ஒதுக்கினதைப் பட்டியல் போட்டேன். கையெழுத்து வேணும்."

"என்ன பட்டியல்?"

"மொத்தம் ஏழு துண்டு சார். அரை மணிக்கு ஒரு வெட்டு விழும். நடுவுல மாத்தி வெட்டினா ஒரு துண்டு ரெண்டு ஜிபியைத் தாண்டிடும். முதல் வெட்டு முப்பதாவது நிமிஷத்துல."

"சரி."

"உங்க வரவேற்புரை முப்பத்தஞ்சு நிமிஷம் சார். முப்பதுல இருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் தூளாப் போயிடும். 'நிர்வாகம் ஒரு பயணம்'னு நீங்க கையை விரிச்சு முடிச்சீங்களே, அந்த இடம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "என் பேச்சுல தூளா?"

"விதிப்படிதான் சார். தலைமை அலுவலகத்துல பாக்கும்போது நீங்க பேச ஆரம்பிச்சது மட்டும் இருக்கும். முடிச்சது இருக்காது."

அரை மணி நேரத்தில் குழு அவசரமாகக் கூடியது. "இவ்வலுவலகத்தில் மேற்கொள்ளப்படும் எந்த வெட்டிலும் தூள் விழாது, விழுந்தால் அதற்கு வெட்டுபவரே பொறுப்பு" என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. பொறியாளரும் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா இரண்டு முறை எழுதவில்லை.

தீர்மானம் தட்டச்சாகி, சரிபார்க்கப்பட்டு, அனுமதியாகி வர மீதி நாட்கள் போயின. இருபத்தொன்பதாம் நாள் காலை அண்ணி கொடுத்த மென்பொருளை அக்கா கம்ப்யூட்டரில் போட்டார். நாங்கள் எல்லோரும் நாற்காலியைச் சுற்றி நின்றோம். ஏழு துண்டுகள். அண்ணி சொன்னது தவறு, மூன்றே நிமிடம்தான் ஆனது. ஏற்றி முடிக்க மாலை ஐந்து மணி ஆயிற்று. "ஏழு கோப்புகள் பெறப்பட்டன" என்று திரையில் வந்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. "வீடியோ முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. 'அளவு தப்புதான்' என்று பொறியாளர் உரத்த குரலில், ஐயத்துக்கு இடமின்றிக் கூறியதை இவ்வலுவலகம் தன் காதாரக் கேட்டது. இடிக்கும் உத்தரவு ரத்து. வீடியோவின் பிரதியை மனுதாரர் பெற்றுக்கொள்ளலாம்."

பொறியாளர் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. எப்படி எழுதுவார்? சொன்னது சொன்னதுதானே.

தையல்காரருக்குத் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஆசை. சந்துக்காரர்கள் எல்லோரும் அன்று பிற்பகல் கடையை அடைத்துவிட்டு அண்ணியின் கடையில் கூடினார்கள். தபாலக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி கடையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஆறாவது துண்டில் பத்தாவது நிமிடத்தை ஓட்டினார்.

திரையில் தையல்காரர் எழுந்தார். வாய் அசைந்தது. டேப்பை விரித்தார். பொறியாளர் குனிந்தார், கண்ணாடியைக் கழற்றினார், வாயை அசைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

அண்ணி வயரைப் பிடுங்கிச் செருகினார். வேறு துண்டு போட்டார். அதில் அதிகாரி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "மைக்கே செருகல. மூணரை மணி நேரமும் ஊமைப் படம்" என்றார் அண்ணி. "ஏங்க, ஒரு மாசம் குழு போட்டுப் பாத்தீங்களே, ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"எங்க கம்ப்யூட்டர்ல எதுக்கும் ஸ்பீக்கர் கிடையாது" என்றார் தபாலக்கா மெதுவாக. நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"வீட்லயும் இவர் பேசினா இப்படித்தான்" என்றார் தையல்காரரின் மனைவி.

அந்தச் சந்தில் கடை வைத்திருக்கும் பூட்டு ரிப்பேர்க்காரர் மட்டும் குழம்பினார். "அப்ப மேல இருக்கிறவங்க காதாரக் கேட்டோம்னு எழுதியிருக்காங்களே?"

தபாலக்கா பையிலிருந்து தீர்ப்பையும் மேல்முறையீட்டு மனுவையும் எடுத்து அருகருகே வைத்தார். உரத்த குரலில், ஐயத்துக்கு இடமின்றி, காதார என்று எல்லாமே தையல்காரர் மனுவில் தன் கைப்பட எழுதியவை. ஒரு எழுத்து மாறவில்லை.

"தீர்ப்பு தப்புன்னு எழுதிப் போட்டுடலாமா? நேர்மையா?" என்று பூட்டு ரிப்பேர்க்காரர் இழுத்தார்.

தையல்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவங்களுக்குக் கேட்டிருக்கு. நமக்குத்தான் காது சரியில்ல போல."

அண்ணி படத்தை மறுபடி ஓடவிட்டார். பொறியாளரின் வாய் அசைந்து முடிந்ததும் திரையில் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சத்தம் வரவில்லை. அதனால் கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் தட்டினோம்.