பாடம் பிழியும் அண்ணாச்சி

வேதாகமத்தை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசிக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு சாராராலும் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்தது மூன்றாவது இனத்தை. இவர் பாடம் பிழிகிறவர். கரும்புச் சாறு மெஷின்காரர் சக்கையை மடித்து மடித்து நாலாம் தடவையும் உள்ளே விடுவாரே, அதுபோல ஒரு வசனத்தை எடுத்து, மடித்து, திருப்பி, கடைசிச் சொட்டுப் பாடம் வரும்வரை விடமாட்டார். ஆனால் அந்தச் சாற்றை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. தம்ளர் எப்போதும் உங்கள் கைக்குத்தான் வரும்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். கொல்கத்தாவில் இருக்கிறவரின் பெயர் ஞானாபரணம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, சால்ட் லேக்கில் மகன் வாங்கிய வீட்டில் குடியிருக்கிறார். துறைமுகம், வங்கி, ராணுவம் என்று மாற்றலாகி வந்து சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் கூடுவோம். ஒரு வருஷத்துக்கு ஒரு புத்தகம், ஒரு வாரத்துக்கு ஒரு அதிகாரம் என்று கணக்கு; அண்ணாச்சிக்கு அவசரம் வந்தால் நடுவில் வேறு புத்தகத்துக்கும் தாவுவார். முடிந்ததும் டீ, சிங்காரா என்று இந்த ஊரில் சொல்லும் சமோசா, அண்ணாச்சியின் மனைவி சுட்ட முறுக்கு. நான் முறுக்குக்காகத்தான் போகிறேன் என்று என் மனைவி சொல்வாள். அதை நான் மறுத்ததில்லை.

அண்ணாச்சியின் வேதாகமத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். ஜிப் வைத்த தோல் உறை. உள்ளே மூன்று நிற மார்க்கர். வாக்குத்தத்தத்துக்குப் பச்சை, கட்டளைக்கு நீலம், பாவத்துக்குச் சிவப்பு. பச்சை அடித்ததெல்லாம் அவருக்கு, நீலம் அவர் மனைவிக்கு, சிவப்பு நமக்கு. "இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?" என்று கேட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். அந்த "நாம்" இருக்கிறதே, அதில் அவர் இல்லை. பார்வை யார் மேல் போய் நிற்கிறதோ அவர்தான் அந்த வாரத்து நாம்.

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த வங்கி அதிகாரி ஒருவர் கவுஹாத்தி மாற்றலை ரத்து செய்யச் சொல்லி எழுதிப் போட்டார். "ஜெபம் பண்ணிக்கோங்க அண்ணாச்சி" என்று தனியாகச் சொல்லியும் வைத்தார். அடுத்த சனிக்கிழமை அவருக்காக யோனா ஓடினான், கப்பல் ஏறினான், மீன் வயிற்றுக்குள் போனான். கவுஹாத்தி, யோனா போக மறுத்த நினிவே ஆயிற்று. ஜாதவ்பூரில் ஆராய்ச்சி என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு நீதிமொழிகளிலிருந்து சோம்பேறிக்குப் புத்தி சொல்லும் எறும்பு. மாமியாரை விட்டுப் பிரியாத ரூத்தின் சரித்திரம் முழுவதும், ஒரே மூச்சில், பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய சொந்த மருமகளுக்கு. அந்தப் பெண் பாவம், மூன்று வாரம் தங்க வந்தவள் ஒரே வாரத்தில் டிக்கெட் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பொறுமை என்னும் ஆவியின் கனியைப் பற்றி கலாத்தியரில் அவர் பாடம் எடுத்தபோது, டீ வர ஐந்து நிமிஷம் தாமதமானதற்கு உள்ளே பார்த்து அவர் போட்ட சத்தம் எதிர் பிளாக் வரைக்கும் கேட்டது. அதிலிருந்து ஒரு பாடம் எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை.

அவருடைய அகராதியும் தனி. உங்களுக்குப் பதவி உயர்வு வந்தால் அது உலக ஆசை. அவருக்கு வந்திருந்தால் அது ஆசீர்வாதம். மாடிப்படியில் அவர் வழுக்கி விழுந்தால் சோதனை. நீங்கள் வழுக்கி விழுந்தால் சிட்சை, அதாவது தண்டனை. ஒரே படிக்கட்டுதான். யார் கால் என்பதில்தான் வித்தியாசம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வருஷம் யோபுவின் புத்தகம் ஆரம்பிக்கிற வரைக்கும்.

யோபுவின் கதை உங்களுக்குத் தெரியாவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல மனுஷன். பிள்ளைகள், சொத்து, ஆரோக்கியம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. துக்கம் விசாரிக்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது, ஒத்துக்கொள்" என்று மாறி மாறி, பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நல்ல தமிழ்ப் பேச்சு, கேட்கக் கம்பீரமாக இருக்கும். அண்ணாச்சிக்கு அந்த மூவரையும் பிடித்துப் போனதில் ஆச்சரியமே இல்லை. சோப்பார் வாயைத் திறந்தாலே அண்ணாச்சி மார்க்கரைத் திறப்பார். ஏற்கெனவே அவர் வீட்டு நடுக்கூடத்தில், ஆரம்பம் சிறிதாக இருந்தாலும் முடிவு பெரிதாக இருக்கும் என்ற வாக்குத்தத்த வசனம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பேசினவன் பில்தாத். உங்கள் வீட்டுக் காலண்டரிலும் அது இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம் செல்வின் ஆபீசில் மயங்கி விழுந்தார். செல்வின் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர், துறைமுகத்தில் வேலை, பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பவர். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மஹிமா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரியான மேக்னா தீதி தினமும் இரண்டு பஸ் மாறி டிபன் கேரியரோடு வந்து, "கேயேச்சோ?" என்று கேட்பாளாம். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மஹிமா சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவாள்.

நாங்களும் போனோம், அண்ணாச்சி தலைமையில். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு. முதலில் ஐந்து நிமிஷம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"மஹிமா, தப்பா நினைக்காதம்மா. ஒரு காரணம் இல்லாம ஒண்ணும் வராது. போன துர்கா பூஜைக்கு நீங்க ரெண்டு பேரும் பந்தலுக்குப் போனீங்களா?"

மஹிமாவுக்கு முதலில் புரியவில்லை. "தீதி கூப்பிட்டாங்கன்னு போனோம் அண்ணாச்சி. கட்டடத்துல எல்லாரும்தான் போனாங்க."

"அங்க கிச்சுடி சாப்பிட்டீங்களா?"

"செல்வின் சாப்பிட்டார்."

"ம்ம்" என்றார் அண்ணாச்சி. எத்தனையோ வியாதிக்கு எத்தனையோ டாக்டர் "ம்ம்" சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு திருப்தியான "ம்ம்" கேட்டதில்லை. "படைச்சதைத் தின்ன வாய்தாம்மா இப்ப அடைச்சிருக்கு. யோசிச்சுப் பாரு. ஒத்துக்கிட்டா கர்த்தர் இரங்குவார்."

பேச்சே போய்க் கிடக்கிற மனுஷனின் பெண்டாட்டியிடம், அரிசியும் பருப்புமாக வெந்த ஒரு கரண்டி கிச்சுடியைக் காட்டி இப்படிப் பேச எப்படி வாய் வந்தது?  அண்ணாச்சி முகத்தில் கடமையை முடித்த களை. திரும்பும் வழியில் காரில் சோப்பாரின் அதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

அந்தச் சனிக்கிழமை பாடம்: பாவத்தின் பிறப்பு, பாவத்தின் பிடி, பாவத்தின் பின்விளைவு. எல்லாம் "பி"யில் வரும், கவனியுங்கள். அதற்காக முந்தின நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். முடிவில் ஜெபம். "பேர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரியின் பெயர், மாடி, கட்டில் எந்த ஜன்னல் பக்கம் என்பது வரை ஆண்டவருக்கு விலாசம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது மஹிமாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதுதான் இந்த இனத்தின் ஆபத்து. பந்தலுக்குப் போகலாம் என்று செல்வினைக் கிளப்பியது தான்தானே என்று என் மனைவியிடம் போனில் அழுதாள். மேக்னா தீதி கேரியரோடு வந்தால் "சாப்பிட்டாச்சு தீதி" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் கேரியரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போவாளாம். மஹிமா அதைத் தொடமாட்டாளாம். புருஷனின் வியாதியைத் தானே வாங்கிக் கொடுத்ததாக ஒரு பெண் நம்பத் தொடங்கினால் அவள் என்ன ஆவாள் என்று அண்ணாச்சியின் மூன்று "பி"க்களில் ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, செல்வினை வீட்டுக்கு அழைத்து வந்தபிறகு, மஹிமா கூட்டத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அண்ணாச்சி மனமிரங்கி, "வாம்மா, உக்காரு. ஏதாவது சொல்லணும்னா சொல்லு, இங்க எல்லாரும் நம்ம ஆளுக" என்றார். பாவ அறிக்கை வரப்போகிறது என்று அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. சிங்காரா வாசனை வந்தும் யாரும் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி. இந்த வருஷம் நீங்க மார்க்கர் அடிச்சுக் குடுத்த வசனமெல்லாம் யார் பேசினது?"

"வேதம் பேசுதும்மா."

"வேதத்துல யாரு பேசுறாங்க?"

"எலிப்பாஸ். பில்தாத். சோப்பார்."

"கடைசில ஆண்டவர் அவங்களப் பத்தி என்ன சொல்றார்?"

அண்ணாச்சி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "அந்த அதிகாரம் இன்னும் வரலியேம்மா. நாம அதுக்கு வருஷக் கடைசிலதான் வருவோம்."

"நான் வந்துட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல வேற வேலை இல்ல. அவங்க மூணு பேரும் பேசினது சரியில்லன்னு ஆண்டவர் கோவப்படுறார். யோபுகிட்டப் போங்க, அவன் உங்களுக்காக ஜெபம் பண்ணட்டும், அப்பதான் விடுவேன்னு அனுப்புறார்." முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "அதுக்குத்தான் வந்தேன். கண்ண மூடுங்க, ஜெபம் பண்ணுவோம்."

எங்கள் ஜனத்தின் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். "ஜெபம் பண்ணுவோம்" என்ற சொல் காதில் விழுந்தால் தலை தானாகக் குனியும், கண் தானாக மூடும். யார் சொன்னார், எதற்குச் சொன்னார் என்று விசாரிப்பதில்லை. ஜெபத்தின் நடுவில் பேச யாருக்கும் அனுமதி இல்லை, அண்ணாச்சிக்கும் இல்லை. அவர் கண்ணும் மூடிவிட்டது.

"ஆண்டவரே, பேர் சொல்ல விரும்பாத ஒரு அண்ணாச்சிக்காக வர்றோம். சால்ட் லேக்ல, இந்த வீட்டுல, ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்திருக்கார்."

ஜாதவ்பூர்ப் பையன் இருமினான். அது இருமல்தானா என்று கண்ணைத் திறந்து பார்க்க முடியாதே.

"யோபுவோட சிநேகிதங்க வந்ததும் முதல்ல வாயத் திறக்காம தரையில கூட உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க. இந்த அண்ணாச்சியும் ஆஸ்பத்திரியில முதல் அஞ்சு நிமிஷம் சும்மாதான் உக்காந்திருந்தார். அந்த அஞ்சு நிமிஷத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். அப்புறம் பேசினத மன்னிச்சிரும். நான் அத நம்பி, கூட உக்காந்திருந்த தீதியத் திருப்பி அனுப்பினேன். அதையும் மன்னிச்சிரும். அண்ணாச்சிக்கு ஒரு கெடுதலும் வரவேண்டாம். வந்தா, அவர மாதிரி யாரும் பாக்க வரவேண்டாம். ஆமென்."

எல்லோருக்கும் முந்தி, பழக்கத்தில், கணீரென்று "ஆமென்" சொன்ன குரல் ஞானாபரணம் அண்ணாச்சியுடையது.

மஹிமா டீக்கு நிற்கவில்லை. சமையலறைக் கதவோரம் நின்றிருந்த அண்ணாச்சியின் மனைவி அவள் கையில் ஒரு பொட்டலம் முறுக்கைத் திணித்து, லிஃப்ட் வரைக்கும் கூடவே போனார். அந்த அம்மாள் ஒரு கூட்டத்தின் நடுவில் வெளியே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி திருந்திவிட்டாரா என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் இந்த இனத்தைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒரு மிடறு டீ குடித்தார். மார்க்கரைத் திறந்தார். "மஹிமா ஜெபத்திலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன?" என்று ஆரம்பித்துவிட்டார். சொஸ்தமான மனசு, சோர்ந்துபோகாத விசுவாசம், சொந்தமாக வாசிக்கும் பழக்கம். கடைசியில் கோபத்தை அடக்குவது பற்றி ஒரு வார்த்தை, ஜாடையாக.

அதற்கு அடுத்த மாதம் செல்வின் ஒரு வார்த்தை பேசினார். மேக்னா தீதி ஊட்டிக்கொண்டிருந்தபோது விக்கலெடுத்து "ஜோல்" என்றார், தண்ணீர் என்று வங்க மொழியில். ஊட்டியது என்ன என்று விசாரித்தேன். கிச்சுடிதான். அந்த வாரம் அண்ணாச்சி எழுந்து நின்று, நம் கூட்டத்தின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சாட்சி சொன்னார். கிச்சுடியைப் பற்றிச் சொல்லவில்லை. சுவரில் பில்தாத் இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் சபையில், உங்கள் ஆபீசில், உங்கள் சம்பந்தி வீட்டில் ஒரு முகம் ஞாபகம் வந்ததல்லவா? "அப்படியே அந்த ஆள்தான்" என்று தொடையைத் தட்டினீர்களா? இதை அவருக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், படித்தாவது புத்தி வரட்டும் என்று விரல் துடிக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் மட்டும் உங்கள் போனைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். இதே பக்கத்தை, ஒரு வணக்கம்கூடப் போடாமல், காலையிலேயே உங்களுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.