எருமப்பட்டித் தரகர் ஏறிய கப்பல்

துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் கடை பார்ப்பார்கள், கோயில் பார்ப்பார்கள், வெளியே சொல்ல முடியாத சிலவும் பார்ப்பார்கள். மாட்டுக்குப் பல் பார்த்தவர் உலகத்திலேயே எங்கள் தரகர் ஒருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சரக்குக் கப்பலில் நானும் அவரும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டோம். நான் தம்மம்பட்டி, அவர் எருமப்பட்டி. மழை பொய்த்து மாடு வாங்க ஆளில்லாமல் போகவே, மாட்டுத் தரகர் கப்பலேறிவிட்டார். தொழில் போனாலும் தோள்துண்டு போகவில்லை. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே பழக்கம். வாய்விட்டுப் பேரம் பேசுவது அவருக்கு அவமானம். இன்னொரு கரண்டி குழம்பு வேண்டுமென்றாலும் சமையல்காரர் கைமேல் துண்டைப் போட்டு ஒரு விரலைப் பிடிப்பார். சமையல்காரர் அலறுவார்.

நாலு மணி நேரம் கரி, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி கரி. அந்த வெக்கையில் நாங்களெல்லாம் ஊரை நினைத்து அழுவோம். அவர் அடுத்த துறைமுகத்து மாட்டை நினைத்துச் சிரிப்பார். கொழும்பில் வண்டிக்காளை ஒன்றின் வாயைப் பிளந்து, "கடைப்பல்லே முளைச்சிருச்சுங்க. வயசைக் கொறைச்சுச் சொல்லி உங்க தலைல கட்டிப்போட்டாங்க" என்றார். வண்டிக்காரனுக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது. சாட்டையை எடுத்தான். கப்பல் வரை ஓடினோம்.

"இதெல்லாம் மாடுங்களா? ரங்கூன் மாட்டப் பாக்கோணும் சாமி. அதுக்குத்தான் உசுரை வெச்சிருக்கறேன்" என்றார் மூச்சிரைக்க.

கொழும்பைத் தாண்டியதும் எனக்குக் கடும் காய்ச்சல். வேலை செய்யாதவனை ரங்கூனில் இறக்கிவிட்டுப் போவதாக இன்ஜினியர் துரை சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஊரில், அந்த நிலையில் விட்டால் என் கதை முடிந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

தரகர் எழுந்து துரையின் கைமேல் துண்டைப் போட்டு, இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தார். துரையின் முகம் சிவந்தது. எங்களுக்கு மேலாளான சாரங்கு பதறினார்.

"யோவ், விடுய்யா! என்னதான் கேக்குற?"

"ரெண்டாளு கரியையும் நானே போடறனுங்க. காச்ச உடற வரைக்கும் இவுரு படுத்திருக்கட்டும். மாட்டேன்னா கையை உடமாட்டேன்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

சாரங்கு சொன்னார். துரை கையை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ரங்கூன் வரைக்கும் என்று சம்மதித்துத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து நாளுக்குப் பதினாறு மணி நேரம் கரி அள்ளினார் தரகர். நடுவில் வந்து எனக்குக் கஞ்சியும் ஊட்டுவார். "உங்களுக்கு எதுக்குங்க இத்தனை பாடு?" என்றேன்.

"பேசி முடிச்சாச்சு சாமி. பேச்சு மாறுனா அவன் தரகனா?"

ரங்கூனில் கப்பல் நின்றபோது எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. துரை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லாமல் போய்விட்டார். கப்பல் ஒரு பகல்தான் நிற்கும். "மாடு பாக்கலாம், எந்திரிங்க!" என்று தரகரை உலுக்கினேன். கரிகூடக் கழுவாமல் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மறுபடி உலுக்கினேன். "ஆறு பல்லுங்க" என்று முனகிவிட்டுப் புரண்டு படுத்தார். கரைக்குப் போனவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கப்பல் கிளம்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவர் மேல் மொய்த்த ஈயை ஓட்டினேன்.

ரங்கூன் பார்த்திருக்கிறீர்களா என்று இப்போதும் யாராவது கேட்பதுண்டு. பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். அங்கே நான் பார்த்தது கரி படிந்த ஒரு முகத்தை மட்டும்தான். உயிரோடு இருந்து அதைப் பார்த்தேனே, எனக்கு அது போதும்.