எப்ப மாமா போட்ட கிராஃப்

"சௌக்கியமா?" என்று கேட்டால் "எப்ப?" என்று திருப்பிக் கேட்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எனக்கு ஷிஃப்ட் இன்சார்ஜாக வாய்த்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் எப்ப மாமா.

கண்ட்ரோல் ரூம் திரையில் கோடு கோடாக கிராஃப் ஓடும். கோட்டின்மேல் மவுஸை வைத்தால் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி, அந்த இடத்தின் அளவையும், அது பதிவான நேரத்தையும் காட்டும். நான் அளவை மட்டும் படித்துவிட்டு நேரத்தைப் பார்க்காமல் விடுகிற ஆள். ஒருநாள், "மாமா, டேங்க்ல பிரஷர் ஏறிப்போச்சு!" என்று அலறிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டேன்.

"எப்ப ஏறுச்சு?" மாமா டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தேன். முந்தாநாள்.

"ரெண்டு நாள் லேட்டா ஓடுறியே மாப்ளே. போயி உக்காரு."

இப்பேர்ப்பட்டவரைத்தான் சிதம்பரத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனேன். எனக்கு அப்பா இல்லை. பெரியவர் என்று சொல்ல ஒருத்தர் வேண்டுமே. அதற்கு முன் பார்த்த வீடுகளில் எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்ததும் காபியோடு கதையை முடித்திருந்தார்கள். இந்தப் பெண்ணையோ போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் தாங்காது.

"பையனுக்குக் கோவம் வருமா?" என்றார் பெண்ணின் அப்பா.

"அவனுக்கா? பச்சப்புள்ளைங்க," என்றாள் கூட வந்திருந்த என் அம்மா. நானும் அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் மாமா பக்கம் திரும்பினார். "கூடவே வேல பாக்குறவரு, நீங்க சொல்லுங்க."

"இப்ப இல்லீங்க. கடைசியா செவ்வாக்கெழம மத்தியானம் வந்துச்சு. கேன்டீன்ல மீனு தீந்துபோச்சுன்னு தட்டத் தூக்கிப் போட்டான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அறைவாசலில் நின்ற பெண் கேட்டாள்: "அப்புறம் எப்ப எறங்குச்சு?"

மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. விரலால் காற்றில் கோடு இழுத்தார். செங்குத்தாக ஏறிய கோடு, ஏறிய வேகத்திலேயே இறங்கியது. "உடனேதாம்மா. ஒரு அப்பளம் வச்சாங்க, எறங்கிடுச்சு."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பளத்துல எறங்குற கோவந்தானப்பா, நான் சமாளிச்சுக்குறேன்."

என் அப்பா இருந்திருந்தால் நாலு பொய்யாவது சொல்லித்தான் எனக்குப் பெண் எடுத்திருப்பார். மாமா உள்ளதைச் சொல்லியே எடுத்துக்கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் மரத்துப்போயிற்று, கடலூர் வரும்வரை நான் அசையவே இல்லை.