அலைச் சத்த மிஷினும் ஆறு எண்களும்

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் கோபமும் குறையாத விஜயகுமாரிக்கு,

உன் கணவன் ராஜாராம் எழுதிக்கொண்டது. நீயும் உன் அண்ணன் சரவணகுமார் குடும்பமும் கொளவாய் ஏரிக் காற்றில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அது வேளாவேளைக்குத் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் தபால்.

நீ செங்கல்பட்டுக்குப் போனதற்கு நான்தான் காரணம். கடல் அலைச் சத்தம் போட்டுத் தூங்கவைக்கும் மிஷினை வாங்கியது தப்பு. "நாலு எட்டு வச்சா நெஜக் கடலு கீது, இன்னாத்துக்குயா இந்த டப்பா?" என்று கேட்டாய். அணுபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருந்தேன், படம் வந்தது, அழுத்திவிட்டேன். பர்ஸைத் திறந்து நோட்டாக எண்ணிக் கொடுப்பதாக இருந்தால் பாதி எண்ணும்போதே புத்தி வந்திருக்கும். இதில் கார்டு நம்பர்கூடப் போனுக்கே மனப்பாடம், விரல் பட்டால் போதும். குறுக்கே இருந்தது உன் போனுக்கு வரும் அந்த ஆறு எண் மட்டும்தான். நான் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவன் என்று பேங்கில் உன் நம்பரைக் கொடுத்தோமே. அன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், குழம்பு தாளிக்கிற அவசரத்தில் நீயும் சொல்லிவிட்டாய்.

நீ போன மூன்றாம் நாள் குளியலறைக் குழாய் உடைந்தது. சத்தியமாகக் குழாய்க்காக மட்டும்தான் ஆர்டர் போட்டேன். எண் உனக்குப் போயிற்று. அனுப்புவாயா மாட்டாயா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பினாய். 'இந்தா' என்றுகூட ஒரு சொல் இல்லை, வெறும் ஆறு எண். அன்று பிடித்தது சனி. மறுநாள் காலை உன் நினைப்பு வந்தது, ஆப்பிள் வெட்டும் கருவி வாங்கினேன். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒழிய நாம் ஆப்பிள் வாங்கியதில்லை. சாயங்காலம் மறுபடி நினைப்பு வந்தது, கம்பளி வாங்கினேன், இந்த மே மாசத்தில். ஒரு புதன்கிழமை நினைப்பு முற்றிப்போய், நின்ற இடத்திலேயே நடக்கிற மிஷினை வாங்கிவிட்டேன். அது நிலைப்படிக்குள் நுழையாமல் வாசலிலேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அதன்மேல் நெத்திலி காயப்போட்டிருந்தாள். ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைத் தட்டினேன், நெத்திலி மொத்தமும் வரிசையாகப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. "யோவ், பொண்டாட்டி ஓடுனது பத்தாதுன்னு என் மீனையும் ஓட வுட்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

அந்த மிஷினுக்கு எண் அனுப்பும்போது 'போதும்' என்று கூடவே எழுதியிருந்தாய். இருபத்திரண்டு நாளில் உன்னிடமிருந்து வந்த முதல் சொல்! அந்தச் சந்தோஷத்தில் ஒரு கூடாரம் வாங்கிவிட்டேன். இரண்டு பேர் படுக்கலாமாம்.

பார்சல் கொண்டுவரும் தீனாவுக்கு என்மேல் இரக்கம். "இன்னா அண்ணாத்த, ஒவ்வொரு தபாவும் அண்ணியாண்ட நம்பர் கேட்டுகினு, பேஜாரு" என்று போனை வாங்கி என்னவோ செய்தான். ஆப்பிலேயே கொஞ்சம் பணம் போட்டு வைத்தால் சின்னச் சாமான்களுக்கு எண்ணே கேட்காதாம். சோப்பு வாங்கிப் பார்த்தேன். அழுத்தினேன், 'நன்றி' என்றது, முடிந்தது. உனக்கு ஒன்றும் போகவில்லை, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சோப்பு வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் விஜயா, ஐம்பத்து நாலு வயசு ஆள். மறுநாளே தீனாவைக் கூப்பிட்டு அந்த வசதியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றுதானே பேங்க்காரன் எழுதுகிறான்? நீ என்னிடம் பதினேழு தடவை சொல்லியிருக்கிறாய். அப்படியானால் உனக்கு நான் இன்னும் யாரோ இல்லை என்று எடுத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. அலை மிஷினைப் போட்டுப் பார்த்தேன், நிறுத்திவிட்டு நிஜக் கடலையும் கேட்டுப் பார்த்தேன். உன் குறட்டை இரண்டிலும் இல்லை. தூக்கம் வரவில்லை.

இன்றோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கார்டை அரிசி டப்பாவுக்குள் அடியில் புதைத்தாயிற்று. இனி ஒரு குண்டூசிகூட வாங்கமாட்டேன், இது கடல்மேல் ஆணை. மச்சானுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். உனக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
இரண்டு பேர் கூடாரத்தில் ஒரு ஆளாக இருக்கும்
ராஜாராம்

பின்குறிப்பு: கார்டு அரிசிக்குள்தான் இருக்கிறது. நம்பர் போனுக்குள் இருப்பதை மறந்துவிட்டேன். மாம்பழ நிறத்தில் ஒரு சேலை பார்த்தேன், உனக்குத்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழுத்துவேன், உனக்கு எண் வரும். அனுப்பாதே, நேரில் கொண்டு வா. அது பத்து நிமிஷத்தில் செத்துவிடும், நீ பஸ் பிடித்து வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை, 'மறுபடி அனுப்பு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அதை அழுத்துகிறேன். அப்போது எண்ணைச் சொல்லமாட்டேன் என்று போனை மடியில் மறைத்துக்கொள். சேலை இல்லாவிட்டால் போகட்டும்.