வார்னிஷ் காயாத ஞாயிறு

சிலருக்கு வேலை கை வரும். எனக்கு வேலையைப் பற்றிய கனவு மட்டும்தான் வரும். ஆணி அடிக்க ஸ்டூலில் ஏறினால், மாட்டப்போகும் படத்தைக் கற்பனை செய்துகொண்டு அரை மணி நேரம் சுத்தியலோடு அங்கேயே நிற்பேன். (என் மனைவி சரசு இதற்கு வைத்த பெயர் 'மிதக்கறது'.)

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிரசவத்துக்குக் காட்பாடி போன சரசு, ஐந்து மாதக் குழந்தையோடு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. கூடவே என் மாமனாரும். எங்கள் சமையலறை அலமாரியை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். கதவுகளில் பெயிண்ட் உரிந்து, இடுக்கெல்லாம் கரப்பான்.

"நான் வந்து பார்ப்பேன் மாப்பிள்ளை. அலமாரி இதே லட்சணத்துல இருந்துதுன்னா, சாயங்கால வண்டியிலயே பொண்ணையும் குழந்தையையும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லியிருந்தார். மகளை அதுவரை நான் இரண்டே முறைதான் தூக்கியிருந்தேன். வெறும் வீட்டில் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தது.

ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். நானே செய்து சரசுவை அசத்த வேண்டும் என்று ஆசை. மூன்று நாள் லீவு போட்டேன். பக்கத்து வீட்டு ஏகாம்பரம், முத்தாபுதுப்பேட்டைக்காரர், பிரஷ்ஷையும் புத்திமதியையும் சேர்த்துக் கொடுத்தார்.

"உப்புத்தாள் போட்டு நல்லா தேய் அண்ணாத்தே. அப்பால வார்னிஷ் அடி. மழ நாளு, லேசுல காயாது. கதவத் தொறந்தே போட்டு வையி. காஞ்சிச்சானு தொட்டுப் பாத்துகினுதான் மூடணும், இன்னா?"

"சரி" என்றேன். (காதில் விழுந்தது. அதற்கு மேல் உள்ளே போகவில்லை.)

தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் மஞ்சள். ஒவ்வொரு நிறத்திலும் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம். மஞ்சள் வீட்டுக்காரி பாடிக்கொண்டே அப்பளம் பொரித்திருப்பாள் என்று தோன்றியது. கடைசியில் மரம் வந்தது. அதன் ரேகைகள், காற்றடிக்கும்போது அயனம்பாக்கம் ஏரியில் ஓடும் சிற்றலை மாதிரியே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் வார்னிஷ் அடித்தேன். வெளியே தூறல். ஈரமண் வாசனையும் டர்பன்டைன் நெடியும் கலந்து தலை லேசாகிவிட்டது. பாத்திரங்களையும் டப்பாக்களையும் உள்ளே அடுக்கி, முழு அழகையும் பார்ப்பதற்காக நான்கு கதவுகளையும் மூடினேன். எதிரே தரையில் உட்கார்ந்தேன். தேன் நிறத்தில் மினுங்கிய அந்தக் கதவில், இடுப்பில் குழந்தையோடு சரசு வருவது தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனேன். மறுநாள் காலை, மிச்சமிருந்த வார்னிஷை ஸ்டூலுக்கு அடித்தேன். (யார் கேட்டார்கள்?)

மத்தியானம் வந்தார்கள். மாமனார் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் நேராகச் சமையலறைக்குப் போனார். புருவம் உயர்ந்தது.

"பரவாயில்லையே மாப்பிள்ளை!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் 'பரவாயில்லையே' அது. திருப்தியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, "சரசு, காப்பி போடும்மா" என்றார்.

சரசு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அலமாரிக் கதவை இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். கைப்பிடி மட்டும் வந்தது. காப்பித்தூள், சர்க்கரை, தீப்பெட்டி, பாத்திரம் எல்லாமே உள்ளே.

"ஏங்க, காயறதுக்கு முன்னாடியே மூடிட்டீங்களா?"

"முழுசா எப்படி இருக்கும்னு பார்த்தேன்..."

"மிதந்தீங்களா?"

"நகரும்மா, நான் பார்க்கறேன்" என்று மாமனார் எழுந்தார். ஸ்டூலும் எழுந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஓடிப்போய் ஏகாம்பரத்தை உளியோடு கூட்டி வந்தேன். அவர் கதவைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, எத்த மொதல்ல பிரிக்கணும்?"

சாயங்கால வண்டி நிச்சயம் என்று நினைத்தேன். அவமானத்தைவிடப் பயம்தான் அதிகம். குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அப்போது சரசு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து என் கையிலிருந்த மகளும் கக்கக்கென்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமனார் சிரிக்கவில்லை. வேட்டியைக் கத்தரித்து அவரை விடுவித்தோம். என் லுங்கியைக் கட்டிக்கொண்டு, ஏகாம்பரம் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, சாயங்காலம் பையை எடுத்தார்.

"சரசு, நீ இங்கயே இரும்மா. இவரைத் தனியா விட்டா, அடுத்தது வாசக்கதவையும் ஒட்டிடுவாரு."

மூன்று கதவுகளை ஏகாம்பரம் பெயர்த்தார். நான்காவது, நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும் வரை திறக்கவே இல்லை.

பல வருஷம் கழித்து அந்தக் குழந்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் உட்காரப் போகும் நேரம், எண்பதைத் தாண்டிய மாமனார் கைத்தடியோடு மெல்ல வந்தார். நாற்காலியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, காஞ்சிடுச்சா?" என்றார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பையன் திருதிருவென்று விழித்தான்.

"காஞ்சிடுச்சு மாமா" என்றேன் நான்.