மூன்று ஏக்கர் ஏரியல்

வேலை கேட்டுப் போன இடத்தில் "தெரியாது" என்று சொன்னவனுக்கு யாரும் சோறு போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அதனால் எங்கே போனாலும் நான் "தெரியும்" என்றுதான் சொல்வேன். ஓசூரில் ஒரு பேக்கரியில் மாவு பிசையத் தெரியும் என்றேன். நாக்பூரில் லாரிக்கு டயர் மாற்றத் தெரியும் என்றேன். மங்களூரில் ஓடு வேயத் தெரியும் என்றேன். (பிசைந்தது வேகவில்லை. மாற்றிய டயர் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடியது. ஓட்டைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.) எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், இருபத்தாறு வயதுக்குள் பன்னிரண்டு வேலை பார்த்திருந்தேன். பதின்மூன்றாவது வேலை தேனியில் கிடைத்தது.

தேனி கடைத்தெருவில் ரோஸ்லின் அக்கா ரேடியோ சாமான் கடை வைத்திருந்தார். அப்பா தொடங்கிய கடை, அவருக்குப் பிறகு அக்கா. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கடையில் சாமான் கிடைக்காது. அக்காவிடம் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. வீட்டு மாடியில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே லைசென்ஸ் வாங்கியவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அவர்களோடு பேசலாம். அவர் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

"ஒயர்லெஸ் பத்தி ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"பம்பாய் துறைமுகத்துல, கப்பல் ஒயர்லெஸ் ரூம்ல வேலை பார்த்திருக்கேங்க."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப நாளைக்கே வந்துரு."

கடைக்குப் பின்னால் சாமான் அறையில் படுக்கை. அக்கா வீட்டிலிருந்து இரண்டு வேளை சாப்பாடு. அந்த அறைக்குக் கதவு இருந்தது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. ஆறு வருடமாக பிளாட்பாரத்திலும் லாரி மேலும் படுத்தவனுக்கு உள்தாழ்ப்பாள் என்பது சாதாரண விஷயமில்லை. அதற்காக இன்னும் மூன்று பொய்கூடச் சொல்லியிருப்பேன்.

அக்கா இரண்டு வருடமாக ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டின் அளவு அலுமினியப் பெட்டி. பெயர் டிரான்ஸ்வெர்ட்டர். அவருடைய செட் பத்து மீட்டர் அலையில் மட்டும் பேசும். அதை இந்தப் பெட்டி வாங்கி, ஒரு சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினால் இரண்டு மீட்டர் அலையாகவும், அந்தப் பக்கம் தள்ளினால் எழுபது சென்டிமீட்டர் அலையாகவும் மாற்றி வெளியே அனுப்பும். எதிர்ப்பக்கமிருந்து வருவதையும் அதேபோல் மாற்றிக் கொடுக்கும். ஒரே நிபந்தனை, செட்டிலிருந்து அதற்குத் துளியூண்டு சக்திதான் கொடுக்க வேண்டும். செட்டின் பவர் திருகுக்குப் பக்கத்தில் அக்கா சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தார்.

"திருகு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா பெட்டி செத்துரும். வெளங்குதா?"

"பம்பாயிலயும் இப்படித்தான் கோடு போட்டிருப்பாகக்கா," என்றேன்.

பெட்டிக்கு ஒரு பரீட்சை காத்திருந்தது. மதுரையிலிருந்த மூன்று ஹாம்கள் அக்காவிடம், பள்ளத்தாக்குக்குள்ளிருந்து இரண்டு மீட்டர் அலை வெளியே வராது, இரண்டு பக்கமும் மலை, பொம்பளையாள் இதற்கெல்லாம் ஏன் சிரமப்பட வேண்டும் என்று பேசியிருந்தார்கள். அக்கா ஒரு கடிதம் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அவர்கள் கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு வளைவில் காரை நிறுத்திக்கொண்டு கூப்பிட வேண்டும், அக்கா கம்பம் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பதில் கொடுப்பார். வெளியூரிலிருந்து பேச முறையாக அனுமதியும் வாங்கிவிட்டார்.

காலையில் அக்காவுக்கு சர்ச். அதனால் செட்டும் பெட்டியும் ஏரியலும் என்னோடு முதல் பஸ்ஸில். அக்கா ஆராதனை முடிந்து அடுத்த பஸ்ஸில்.

"ஏரியலை மேல ஏத்தி வையி. ஒயரை மாட்டி வையி. மைக்கைத் தொடாத. லைசென்ஸ் எனக்குத்தான், ஒனக்கில்ல."

இந்த நான்கு வாக்கியங்களில் எதையும் நான் உருப்படியாகச் செய்யவில்லை.

ஏரியல் என்பது ஒரு நீளமான அலுமினியக் குழாயில் குறுக்கே ஒன்பது கம்பிகள், மீன் முள் மாதிரி. பஸ் கூரையில் கட்டினேன். சின்னமனூரில் யாரோ வாழைத்தார் ஏற்றினார்கள். எங்கே ஏற்றினார்கள் என்பதை இறங்கிய பிறகுதான் பார்த்தேன். நான்கு முள் வளைந்திருந்தது, ஒரு முள்ளைக் காணோம். (வாழைத்தாரோடு எந்த ஊருக்குப் போனதோ.)

அக்கா பேச இடம் கொடுத்தவர் முத்தையா அண்ணன், திராட்சைத் தோட்டக்காரர். டிரான்சிஸ்டரை மாதம் ஒருமுறை கடைக்கு ரிப்பேருக்குக் கொண்டுவருவார். தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்ட் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பந்தல் தொடங்கியது. கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, மூன்று ஏக்கருக்குக் கொடி படர்ந்திருந்தது. அறுப்பு நேரம். அடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அண்ணாந்து குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வளைந்த முள்ளைப் பார்த்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். உள்தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. பிறகு பந்தலைப் பார்த்தேன்.

"அண்ணே, இதுல கம்பி எவ்வளவு இருக்கும்?"

"யாருக்குத் தெரியும் தம்பி. நீட்டுனா கூடலூர் போயி கேரளாவுக்குள்ள எறங்கிரும்."

ஒன்பது முள்ளுக்கே கொடைக்கானல் போகும் என்றால் மூன்று ஏக்கருக்கு எங்கே போகும்! இந்த யோசனை ஏன் அக்காவுக்கு வரவில்லை என்று வருத்தமாகக்கூட இருந்தது. பெட்டியிலிருந்து வந்த ஒயரைப் பந்தல் கம்பியில் முறுக்கினேன். அக்கா வரும்போது எல்லாம் சரியாக ஓட வேண்டும், அதனால் சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று மைக்கை எடுத்து "அலோ" என்றேன். மீட்டரில் முள் சோம்பேறித்தனமாக அசைந்தது. பவர் திருகைக் கோடு வரை திருப்பினேன். போதவில்லை. கோடு போட்டவர் சர்ச்சில் இருந்தார். கடைசி வரை திருப்பி, "அலோ!" என்று கத்தினேன்.

பெட்டிக்குள் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒரு காந்தல் வாடை. மூடியின் ஓரமாக மெல்லிய புகை வந்தது, அதிகமில்லை, ஒரு ஊதுபத்தி அளவுக்கு.

முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்தார். "சாம்பிராணி போட்டீகளா?"

"எரிஞ்சு போச்சுண்ணே."

"எது, அந்தப் பெட்டியா? அது என்னதான் செய்யும்?"

"செட்டுக்கிட்ட வாங்கி, மாத்தி, வெளிய விடும்."

அவர் முகம் தெளிந்தது. "அட, தரகரு! இதுக்கா கவலப்படுறீக? திராட்சை மார்க்கெட்டுல நாங்க படுற பாடே அந்தாளுகளாலதான். எடுத்துக் கடாசுங்க. நேரா விடுங்க, தம்பி. நடுவுல ஆள் இல்லாட்டி சரக்கு இன்னும் வேகமாப் போகும்."

என் ஆயுளில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு ஒயர்லெஸ்ஸை விளக்கியதில்லை. தரகரைக் கழற்றிவிட்டேன். செட்டை நேராகப் பந்தலோடு சேர்த்தேன், திருகு கடைசியில் இருந்தபடியே. மீட்டர் முள் துள்ளியது.

ஆனால் பேசினால்தான் துள்ளும், வாயை மூடினால் படுத்துக்கொள்ளும். பந்தலில் எந்த இடத்தில் ஒயரை வைத்தால் முள் அதிகம் ஏறும் என்று பார்க்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். எனவே மைக் பொத்தானை அமுக்கி, கீழே கிடந்த வாழைநாரால் இறுக்கிக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். நான் ஜன்னலுக்கு வெளியே ஒயரோடு. அண்ணன் உள்ளே மீட்டருக்கு முன்னால்.

"பேசுங்க தம்பி, படுக்குது!"

"என்ன பேச?"

"என்னமாச்சும். பம்பாயில கப்பல்ல என்ன செஞ்சீக?"

பன்னிரண்டரைக்கு முன்னால் கொடைக்கானல் பாதையில் கேட்க ஆள் கிடையாது. அக்கா பஸ்ஸில் இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

"கப்பல்ல பேரீச்சம்பழ மூட்டை எறக்குனேன்ணே!"

"ஏறுது! அப்ப ஒயர்லெஸ் ரூமு?"

"அந்த ரூம் கதவுக்குப் பெயின்ட் அடிச்சேன்! உள்ள விடல!"

"நல்லா ஏறுது! அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சோறு போடுவாகளா? ஒண்ணுமே தெரியாமத்தான் வந்தேன்! பெட்டி வேற எரிஞ்சு போச்சு! எரிஞ்சே போச்சு! இன்னக்கி என்ன சொல்லித் தப்பிக்கன்னு தெரியல!"

"அங்கனயே நில்லுங்க, உச்சத்துல இருக்கு!"

ஒயரைப் பிடித்திருந்த விரலில் எறும்பு கடிப்பதுபோல் இருந்தது. பந்தலுக்கடியிலிருந்து முத்தையா அண்ணனின் அண்ணன் மகள் செல்லத்தாயி கத்தினாள். "சித்தப்பா, கத்திரிக்கோலு கடிக்குது!"

"பனியில சில்லிட்டிருக்கும்," என்றேன், அனுபவசாலி மாதிரி.

"உச்சி வெயிலுல எங்கன இருந்துய்யா பனி வரும்? ஏலே, ஒயரைக் கீழ போடுலே!" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். நான் ஒன்று சொன்னால், ஊர்ப்பக்கமிருந்து அதே வார்த்தை, கொஞ்சம் மூக்கடைத்த குரலில் கேட்டது. "கேட்டீகளாண்ணே? மலையில மோதித் திரும்புது. அம்புட்டு பவரு!" என்றேன். அந்த வாக்கியமும் மோதித் திரும்பியது.

மலைக்கு இதில் சம்பந்தமில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு வீட்டில் காதுகுத்து. புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, குத்துகிற நேரத்துக்காகப் பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். பந்தல் விட்ட அலையை அந்த ஸ்பீக்கர் ஒயர்கள் பிடித்துக்கொள்ள, நிறுத்திய இடத்தில் நான் தொடங்கியிருக்கிறேன். பேரீச்சம்பழ மூட்டையிலிருந்து ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. மைக்செட்காரர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். ஆசாரி ஊசியைத் தூக்கும்போதெல்லாம் "எரிஞ்சு போச்சு" என்று வந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான், வெள்ளைச் சேலையும் டிபன் கேரியருமாக ரோஸ்லின் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார்.

தோட்டத்துக்குள் முதலில் வந்தவர் தாய்மாமன். "எவன்லே அந்த எரிஞ்சுபோச்சு?" அவருக்குப் பின்னால் மைக்செட்காரர், பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்த நான்கைந்து பேர், எல்லோருக்கும் பின்னால் அக்கா, அவசரமில்லாமல். தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். முத்தையா அண்ணன் மீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல், "சண்டையும் நல்லா ஏறுது, தம்பி," என்றார்.

அக்கா நேராக ஜன்னலுக்குப் போனார். வாழைநாரை அவிழ்த்தார். ஊர்ப்பக்கம் அமைதியானது. பெட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"எவ்வளவுல வச்ச?"

"கடைசி வரைக்கும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. மீதி எல்லாம் அவருக்கு ஏற்கெனவே புளியமரம் சொல்லியிருந்தது. தாய்மாமனிடம், "ஐயா, லைசென்ஸ் என் பேருல இருக்கு. தப்பு எனக்குத்தான் சேரும். மன்னிச்சுக்கங்க," என்றார். அவர் என் சட்டையை விட்டுவிட்டார். ஒரு அறை வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டே கால். அக்கா பெட்டியைத் திறந்தார். அனுப்புகிற பாதி கருகியிருந்தது, வாங்குகிற பாதி பிழைத்திருந்தது. நான் வளைந்த முட்களை நிமிர்த்தி ஏரியலைக் கூரையில் ஏற்றி, அவர் சொன்ன பக்கம் திருப்பிப் பிடித்தேன். சரியாகப் பன்னிரண்டரைக்குக் குரல் வந்தது. மதுரைக்காரர் அக்காவுக்கு லைசென்ஸோடு கொடுத்திருந்த அழைப்பெழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. மறுபடி கூப்பிட்டார். அக்காவின் கையில் மைக் இருந்தது. பேசினால் போகாது. அரைமணி நேரம் கூப்பிட்டார்கள். கடைசியில் பொத்தானை விடாமலே ஒருவர் மற்றவரிடம், "நாம சொன்னதுதானே, அங்கருந்து வராது. பாவம், அந்தம்மா. வாங்க, காபி குடிப்போம்," என்றார்.

கூரையில் நான் ஏரியலைப் பிடித்தபடியே நின்றேன். கீழே இறங்கினால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"எறங்கு," என்றார் அக்கா. இறங்கினேன்.

"துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிர்றேங்க்கா."

"எங்க போவ? அடுத்த ஊர்லயும் போயி கப்பல்னு சொல்லவா? அங்கருந்து இங்க வருதுன்னா, இங்கருந்து அங்க போகும். அது தெரிஞ்சுபோச்சு. பெட்டியை மறுபடி கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் நீ தேனியைத் தாண்டப்படாது." பெட்டியை மூடிவிட்டு, "உண்மையிலே ஒனக்கு என்னதான் தெரியும்?" என்றார்.

"நல்லா ஏறுவேங்க்கா. கம்பம், மரம், கூரை."

"அது போதும்."

நடந்ததை நடந்தபடி எழுதி அவரே லைசென்ஸ் கொடுத்த அதிகாரிகளுக்கு அனுப்பினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதைக் கடையில் சட்டம் போட்டு, என் படுக்கைக்கு நேர் எதிரே மாட்டினார்.

பெட்டி கட்டப் பதினாலு மாதம் ஆயிற்று. ஒரே ஊரில் பதினாலு மாதம் நான் அதற்கு முன் இருந்ததில்லை. அதற்குள், தோட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போய், மறுபடி போய், காரணமில்லாமலும் போனதில், செல்லத்தாயியை எனக்கே கட்டிவைத்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வளைவில் அதே மூன்று பேர். நான் ஏரியலைக் கட்டிய மூங்கில் உச்சியில், மைக்கிலிருந்து முப்பதடி தள்ளி. அக்கா கூப்பிட்டார். கொடைக்கானல் பக்கமிருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கேக்குதுல்ல? சரி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அக்கா செட்டை அணைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்செட்காரத் தம்பி மைக்கை நீட்டினார். காமயகவுண்டன்பட்டி சனம் உட்கார்ந்திருந்த வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்தியது. நான் கையை நீட்டுவதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள்.

"தம்பி, மொதல்ல அவரு கையைச் சோதிச்சுப்புட்டுக் குடுங்க. எங்கனயாச்சும் வாழைநாரு வச்சிருப்பாரு."

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று. நான் பேசவில்லை. பந்திக்குப் போய் இலை போட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.