முன்வரிசையில் ஓர் இடம்

"தம்பி, நேத்து எதிர்த்த பாடாங் திடல்ல கச்சேரி நடந்துச்சே, முன்வரிசையில உக்காந்தது நீங்களா?"

லிஃப்ட் வாசலில் மறித்துக் கேட்டார் அடுக்குமாடிக் காவலர் அய்யாக்கண்ணு. வேலைக்குக் கிளம்பிய சுகுமாரன் பெருமையாகத் தலையாட்டினான்.

"ஆமாண்ணே. பின்னாடி அவ்வளவு கூட்டம், முன்வரிசை மட்டும் காலி! எங்க விருதுநகர்ல முன்வரிசைன்னா எம்.எல்.ஏ.வும் அவர் மச்சானும்தான். எனக்கு இப்பதான் முதல் தடவையா கிடைச்சது. விடுவேனா?"

"அலாமா! அது பேய்ங்களுக்குப் போட்ட நாக்காலி லா!"

சுகுமாரனின் கையிலிருந்த சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது.

"சீனவங்களுக்கு இது பேய் மாசம் தம்பி. செத்துப்போனவங்க எல்லாம் வருவாங்க. கச்சேரியே அவங்களுக்குத்தான். முன்வரிசையில மனுசன் எவனும் உக்கார மாட்டான்."

"பக்கத்து நாற்காலியில என் பையை வெச்சேனே அண்ணே!"

"யாரு மடியில வெச்சீங்களோ!"

 சுகுமாரனுக்குப் பேயைவிட மனைவி துளசியை நினைத்துத்தான் கலக்கம். கடல் கடந்து பாயான் பாருவுக்கு வேலைக்கு வந்த நாள் முதல் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, சோறு வெந்துவிட்டதா என்று குக்கரிடமே கேட்கும் நிலைக்கு வந்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடியதில் சனிக்கிழமை வருவதாக மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். "பயமா இருந்தா அடுத்த ப்ளேன்லயே திரும்பிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறாள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் மாதக்கணக்கில் விளக்கை அணைக்காமல் தூங்குகிறவள் அவள். புருஷன் பேயோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டான் என்று தெரிந்தால் விமான நிலையத்தை விட்டே வெளியே வரமாட்டாள்.

"இப்ப என்னண்ணே பண்றது?"

"படையல் போட்டு மன்னிப்புக் கேளுங்க. சாப்பிட்டா கோவம் போயிரும்."

அன்று மாலை, கச்சேரி தொடங்கும் முன்பே சுகுமாரன் திடலுக்குப் போனான். கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் டம்ளரில் சேமியா பாயசம். தான் உட்கார்ந்த அதே சிவப்பு நாற்காலியில் அதை வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

"ஐயாவோ அம்மாவோ, தெரியாம உக்காந்துட்டேன். மன்னிச்சிருங்க."

பின்னால் ஏதோ சத்தம். ஆரஞ்சுத் தட்டோடு ஒரு சீனப் பாட்டி வாயைப் பிளந்து நின்றாள். மரியாதைக்குச் சிரித்து வைத்தான். ஆரஞ்சுகள் உருண்டன; பாட்டி ஒரு பக்கம் ஓட, சுகுமாரன் மறுபக்கம் ஓடினான். டம்ளர் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் அய்யாக்கண்ணு உதட்டைப் பிதுக்கினார். "பேண்ட் போட்டுக்கிட்டா படையல் போடுவாங்க? வேட்டி கட்டி, துண்ணூறு பூசி, சூடம் ஏத்துங்க லா."

சுகுமாரன் வெள்ளை வேட்டி கட்டி, முகம் தெரியாத அளவுக்குத் திருநீறு பூசிக்கொண்டு போனான். நாற்காலியின் மேலேயே சூடத்தை ஏற்றினான். அது பிளாஸ்டிக் நாற்காலி என்பது புகை கிளம்பியபோதுதான் உறைத்தது. ஊதினான், நெருப்பு பெரிதானது. தண்ணீர்க் குழாய் தேடி, புகையும் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான். எதிரே அதே பாட்டி. இம்முறை அவளுக்குக் கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை.

ஓட்டை விழுந்த நாற்காலியைத் திரும்ப வைக்க அவனுக்குத் துணிவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

சனிக்கிழமை துளசி வந்தாள். வீடு பிடித்திருந்தது. பால்கனி பிடித்திருந்தது.

"இந்த நாற்காலி ஏங்க ஓட்டையா இருக்கு?"

"காத்தோட்டத்துக்குத்தான். இங்க வெயில் ஜாஸ்தி."

அவள் நம்பிவிட்டாள். சுகுமாரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துவிட்டு, சந்தன நிறப் பருத்திப் புடவையில் வந்து நின்றாள் துளசி. அவளுக்குப் பிடிக்குமே என்று அவனும் வேட்டி கட்டியிருந்தான். எதிர்த் திடலில் ஒலிபெருக்கி முழங்கியது.

"ஏங்க, பாட்டுக் கச்சேரி! வாங்க போவோம்."

"வேணாம், கூட்டமா இருக்கும்."

"கூட்டத்தைப் பாக்கத்தானே போறோம்?"

வேறு வழியில்லாமல் போனான். "பின்னாடியே நில்லு, டீ வாங்கிட்டு வர்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, திடலோரம் புதிதாகக் கடை போட்டிருந்த ஹனீபாவிடம் போனான்.

ஹனீபா டீயை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "சங்கதி தெரியுமா தம்பி? இந்த வருசம் ஒரு தமிழ்ப் பேய் வந்திருக்காம்!"

டீக்கு நீட்டிய கையைச் சுகுமாரன் இழுத்துக்கொண்டான்.

"முத நாள் முன்வரிசையில உக்காந்து பாட்டுக் கேட்டுச்சாம். மறுநாள் பாயசத்தோட வந்துச்சாம். நேத்து வெள்ளை வேட்டியில வந்து, நாக்காலியவே நெருப்போட தூக்கிட்டுப் போயிருச்சாம். கச்சேரிக் கமிட்டிக்காரங்க ஆடிப்போயிட்டாங்க."

"அப்புறம்?"

"அது விட்டுட்டுப் போன டம்ளரக் கொண்டாந்து என்னைப் படிக்கச் சொன்னாங்க. துளசின்னு பேரு வெட்டியிருந்துச்சு. பொண்டாட்டி பேரா இருக்கும்னேன். பாவம், தனியா வந்து உக்காருதேன்னு இன்னைக்குப் பொண்டாட்டிக்கும் சேர்த்து ரெண்டு நாக்காலி போட்டுட்டாங்க. தமிழ்ல பேரு எழுதிக் குடுத்ததே நான்தான்."

சட்டென்று பாட்டு நின்றது. திடலே மூச்சடங்கிப்போனது. சுகுமாரன் திரும்பினான்.

முன்வரிசையில், விரித்த கூந்தலோடு துளசி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"ஏங்க! என் பேரெழுதி இடம் பிடிச்சு வெச்சிருக்கீங்களே, சொல்லவே இல்லையே! வாங்க, பக்கத்துல உங்க நாற்காலியும் காலியாத்தான் இருக்கு!"

ஹனீபாவின் கையிலிருந்த குவளை நழுவியது. துளசியைப் பார்த்தார். சுகுமாரனின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். கடைச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"தம்பி... கோவிச்சுக்காம, கொஞ்சம் அந்த வேட்டியத் தூக்கிக் காலைக் காட்டுங்க!"